இடம் பார்த்து வெட்டிய மரம்

மரத்தை எங்கே வெட்டிப் போடலாம் என்று கேட்டபோது இடம் காட்டியவன் நான்தான். கொளஞ்சியப்பன் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஊரே நம்பியது. நானும் நம்பித் தொலைத்தேன்.

எண்பத்தேழாம் வருஷம், புரட்டாசி. இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் மறியல். கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சி போகிற ரோட்டில், எங்கள் ஊர் எல்லையில் ஒரு பெரிய புளியமரம். அந்த இடத்தில் ரோட்டுக்கு ஒரு பக்கம் பாழுங்கிணறு, மறுபக்கம் என் நெல் வயல். வேறு இடத்தில் மரத்தைப் போட்டால் வண்டிக்காரன் பக்கத்து மானாவாரிக் கொல்லையில் இறக்கி ஏற்றிப் போய்விடுவான். பால் பிடிக்கிற என் பயிரில் எவன் சக்கரத்தை வைப்பான்? அந்தத் திமிரில்தான் இடம் காட்டினேன்.

என் மனைவி அம்சவள்ளிக்கு ஒரு வழக்கம் உண்டு. பயிர் சூல் கட்டிவிட்டால் வயலுக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுப்பது போல வரப்பில் ஒரு உருண்டை புளிச்சோறு வைத்துவிட்டு வருவாள். என்னையே உள்ளே விடமாட்டாள்.

மறியலுக்கு முதல் நாள் அவளிடம் பெரிதாகப் பேசினேன். ஒரு வாரத்தை விட்டுக்கொடுத்தால் தலைமுறைக்கும் படிப்பு, வேலை. ஒன்றை விட்டால்தான் ஒன்று கிடைக்கும் என்றேன்.

"யாரு வுடறது?" என்று மட்டும் கேட்டாள். எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. விதண்டாவாதம் என்று நினைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் பிற்பகல் மலைப் பக்கமிருந்து கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு டிராக்டர் வந்தது. டிரெய்லரில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் செவ்வந்தி என்ற பெண் படுத்திருந்தாள். இரண்டு நாளாக இடுப்பு வலி, குழந்தை குறுக்கே கிடக்கிறதாம். கல்வராயன் மலையிலிருந்து தூளி கட்டித் தூக்கி இறக்கியிருந்தார்கள். வழியில் கிடந்த மரங்களையெல்லாம் கொல்லைகளில் இறங்கிச் சுற்றி வந்திருந்தார்கள். அவள் புருஷன் வீரமுத்து எங்களைத் திட்டவில்லை, கெஞ்சவில்லை. மரத்தைப் பார்த்தான், கிணற்றைப் பார்த்தான், பிறகு என் வயலைப் பார்த்தான்.

மரத்தைத் தாண்டி அவளைத் தூக்கிவிடலாம். அந்தப் பக்கம் ஏற்றிப் போக வண்டி ஏது? மரத்தை அறுத்து வழி விடலாம் என்றால், அதைச் சாய்க்கவே எங்களுக்கு அரைநாள் பிடித்தது. முப்பது பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எங்கள் வீட்டு ஒரு வருஷச் சோறு அந்த வயல். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், வயலில் இறக்கிப் போ என்று நான் சொல்லவில்லை.

கூழ் கொண்டுவந்த அம்சவள்ளி டிரெய்லருக்குள் எட்டிப் பார்த்தாள். தூக்குச்சட்டியை ரோட்டிலேயே வைத்துவிட்டு, பக்கத்தில் நின்றவன் கையிலிருந்த அரிவாளை வாங்கினாள்.

"பயிரு சூலா இருக்குது, அம்சா" என்றேன்.

"அந்தப் பொண்ணுந்தாங்க சூலா இருக்குது. இது அடுத்த போகத்துல வந்துடும்."

சொல்லிவிட்டு வயலில் இறங்கினாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சூல் பயிருக்குள் அவள் கால் பட்டு நான் பார்த்ததில்லை. குனிந்து பயிரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு அறுத்தாள்.

அதற்குப் பிறகு எவனுக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மரம் வெட்டிய கைகள் பச்சைப் பயிரை அறுத்து அறுத்து, சக்கரம் புதையாதபடி சேற்றில் பரப்பின. நானும் இறங்கினேன். நசுங்கிய கதிரிலிருந்து பால் வெள்ளையாகக் கையெல்லாம் ஒட்டியது. சக்கரம் இரண்டு தடவை புதைந்தது. இரண்டு தடவையும் அவளே இன்னும் அறுத்துக் கொண்டுவந்து போட்டாள். டிரெய்லர் ரோட்டில் ஏறியபோது பாதி வயல் போயிருந்தது.

வண்டி மறையும்வரை கைகட்டி நின்றேன். ஊருக்காக எதையோ விட்டுக்கொடுத்துக்கொண்டிருப்பதாக மூன்று நாளாக மார்தட்டியவன், அதுவரை என்னுடையது என்று ஒரு பிடி நெல்லைக்கூட விட்டிருக்கவில்லை.

"இன்னா நின்னுக்கினு இருக்கீங்க? போய்த் தண்ணியத் திருப்புங்க. மீதி காயப் போவுது" என்றாள்.

மறியல் முடிந்த மறுநாள் வீரமுத்து அந்த வழியாக வந்தான். தாயும் பிள்ளையும் பிழைத்துவிட்டார்கள், பெண் குழந்தை என்றான். அம்சவள்ளி உள்ளே போய்ப் புளிச்சோறு கிளறினாள். நிற்கிற பயிருக்கு வரப்பில் ஒரு உருண்டை வைத்தாள். அறுத்த பக்கத்திலும் ஒன்று வைத்தாள்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பின்னால் நின்றேன்.