ஆன்சி அழிக்காத படம்

மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பாக முதல் ஓலை வாசித்த மறுவாரமே ஜானட் கல்யாணம் வேண்டாம் என்றாள். மாப்பிள்ளை ஆன்றோ கையை ஓங்கியதை அவள் பொறுக்கவில்லை. அந்த ஆத்திரத்துக்கு அவன் செய்த காரியம், ராயபுரத்து ஜெபக்குழுவின் வாட்ஸப்பில் ஏதோ ஒரு புது எண்ணிலிருந்து வந்து விழுந்தது. அவனை நம்பி அவள் எப்போதோ அனுப்பிய அந்தரங்கப் படம்.

அம்மா ரோசி செருப்புகூட மாட்டாமல் தெருவில் இறங்கி, குழுவிலிருந்த வீடு ஒவ்வொன்றாகப் போய்க் கைகூப்பினாள்.

"அழிச்சிடுங்கம்மா. என் கண்ணு முன்னாடியே அழிச்சிடுங்க."

யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அழித்தார்கள். ஒருத்தி ரோசியைக் கட்டிக்கொண்டு அழுதாள். மீன் விற்கும் ஆன்சி மட்டும், "போன்ல சார்ஜ் இல்லக்கா, நீ போ, நான் பாத்துக்கறேன்" என்றாள்.

மறுநாள் சைபர் கிரைம் போலீசில் பெண் இன்ஸ்பெக்டர் ஜானட்டுக்கு முதலில் தண்ணீர் கொடுத்தார்.

"நீயே குடுத்த படமா இருந்தாலும், உன் சம்மதமில்லாம பரப்புனா குற்றம்தான்மா. நீ எந்தத் தப்பும் பண்ணல. எந்த நம்பர்லருந்து வந்துச்சு? மெசேஜைக் காட்டு."

ஜானட் அந்தக் குழுவிலேயே இல்லை. அம்மாவைப் பார்த்தாள்.

"அழிச்சிட்டோம் மேடம். நான்தான் வூடு வூடா போயி..."

இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது. ரோசிக்கு அப்போதுதான் உறைத்தது. மகளுக்கு இருந்த சாட்சியை அவளே துடைத்துவிட்டு வந்திருக்கிறாள். "ஆண்டவரே" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"தேடலாம்மா. ஆனா நாளாகும். அதுக்குள்ள அவன் இன்னும் எங்கெங்க அனுப்புவானோ."

சட்டென்று ரோசி எழுந்தாள். ஆன்சி!

இரண்டு பேரும் தன் வீட்டுக்கு வருவதைப் பார்த்ததும் ஆன்சி கூடையை இறக்கி வைத்தாள்.

"ஆன்சி, அழிச்சிட்டியா?"

"திட்டாதக்கா. அழிக்கல."

அலமாரி மேலிருந்து போனை எடுத்து நீட்டினாள். திரையை மூடி மாதா படம். மேலே ரப்பர் பேண்ட்.

"நானும் பாக்கல, புள்ளைங்களையும் தொட விடல. இத்த எந்தப் பேமானி பண்ணான்னு நாளைக்கு யாராச்சும் கேட்டா காட்ட ஒண்ணு வேணாமா? அதான் சார்ஜ் இல்லன்னு பொய் சொன்னேன். சாமியாருகிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்கறேன்."

ஜானட் போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "நீயும் வா ஆன்சிக்கா."

"மேலெல்லாம் கவிச்சி அடிக்குதுடி."

"அப்படியே வா."

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் மாதா படத்தை மெல்ல நகர்த்தினார். எண், நேரம், படம் எல்லாம் அப்படியே இருந்தன. எழுதிக்கொண்டார்.

"போன் இங்கேயே இருக்கணும்மா. ரொம்ப நாள் ஆகலாம்."

"இருந்துட்டுப் போவட்டும் மேடம். எனக்கு போன் எதுக்கு, நான் தெருவுல கூவித்தானே மீன் விக்கிறேன்."

இன்ஸ்பெக்டர் மாதா படத்தைத் திரும்பத் திரைமேல் வைத்து ரப்பர் பேண்டைப் போட்டார். பிறகு எஃப்.ஐ.ஆர். எழுத ஜானட்டின் முழுப் பெயரைக் கேட்டார்.

ஜானட் தெளிவாகச் சொன்னாள்.