பாறை ஏறும் வண்டி

சட்டையின் இடது கைக்குள் கணவர் ராஜசேகரின் கையை நுழைத்துக்கொண்டிருந்தாள் சித்ரா. கீழே ஏலத்தோட்டத்து வளைவில் பிக்கப் வண்டியின் சத்தம் கேட்டது. ராஜசேகர் கையை அப்படியே நிறுத்திக்கொண்டார்.

“சிஜு வந்துட்டான். பட்டனெல்லாம் அப்புறம் போடலாம். என்னைய வெளிய கூட்டிட்டுப் போ.”

“மூணு பட்டன்தான். அதுக்குள்ள வண்டி ஓடியா போயிரும்?”

“ஓடுறதுக்குத்தான வண்டி.”

தானே சொல்லித் தானே சிரித்தார். சிரித்ததும் மூச்சு வாங்கியது. இதயம் கால்வாசிதான் வேலை செய்கிறது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தேனி ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பி மூன்று வாரம் ஆகியிருந்தது. அந்த மூன்று வாரமும் வீட்டில் நோயைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. சித்ராவுக்கு அடுத்து வாங்கும் பைக்கின் எஞ்சின் டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா என்பதுதான் பேச்சு.

வண்டன்மேட்டில் ஜீப் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த ராஜசேகர், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் பைக்கின் சீட்டைக் கழற்றி, வேண்டாததையெல்லாம் அறுத்தெறிந்து, பாறை ஏறுகிற டிரையல்ஸ் வண்டியாக்கினார். உட்காராமல் நின்றுகொண்டே ஓட்ட வேண்டும். போட்டியில் ஒவ்வொரு தடவை கால் ஊன்றும்போதும் ஒரு புள்ளி போகும். வீட்டுக்குப் பின்னால் இருந்த பாறையில் அவர் ஏழு தடவை விழுந்தார். ஏலக்காய் ஸ்டோர் வேலை முடிந்து வந்த சித்ரா சிரித்துச் சிரித்து வயிறு வலித்துப்போய், “குடுங்க பாப்போம்” என்று வாங்கினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் தடவையிலேயே ஏறிவிட்டாள்.

அன்றிலிருந்து ஓட்டுவது அவள், பிடிப்பது அவர். செங்குத்தான இடங்களில் ஓர் ஆள் பக்கத்தில் நின்று, வண்டி மல்லாந்தால் பிடித்துக்கொள்ளப் போட்டியிலும் அனுமதி உண்டு. கட்டப்பனையிலும் தொடுபுழாவிலும் தாடி முளைத்த பையன்களுக்கு நடுவே அவள் வாங்கிய நாலு கோப்பைக்கும், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பின்னால் நின்றவர் ராஜசேகர்தான். போன மழையில் அந்தப் பழைய வண்டியின் ஃபிரேம் விரிசல் விட்டது. இனி ஒட்டவைக்க முடியாது என்று அவரே சொல்லிவிட்டார்.

சிஜு குமுளியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரன். கொச்சியில் ஒருவர் விற்க நினைத்த ஃபோர் ஸ்ட்ரோக் டிரையல்ஸ் வண்டியைப் பார்ப்பதற்காகக் கேட்டு வாங்கி வந்திருந்தான். கோதமங்கலத்துக்காரன் ஒருவனும் அதை வாங்கக் காத்திருந்தான்.

“ரெண்டு மூணு நாள்ல சொன்னா மதி, அது போதும், சேச்சி” என்றான் சிஜு, மலையாளம் கலந்த தமிழில்.

ராஜசேகரைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிப் பாறைக்கு எதிரே பின்முற்றத்தில் வைத்தார்கள். கம்பத்திலிருந்து வந்து தங்கியிருந்த அவருடைய அக்கா மாரித்தாய் பக்கத்தில் நின்று குடை பிடித்தாள்.

“நாப்பத்தாறு வயசுல இது என்னத்துக்கு ஒனக்கு?” என்றாள் சித்ராவிடம்.

“ஏறட்டும்க்கா. நீ பாத்ததே இல்லைல்ல” என்றார் ராஜசேகர்.

தூறலில் பாறை நனைந்திருந்தது. சித்ரா வண்டியை ஏற்றினாள். பாதி ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்கியது. நாற்காலியிலிருந்து ராஜசேகர் இரண்டு கையையும் நீட்டியபடி எழப் பார்த்தார். மாரித்தாய் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். வண்டி ஒரு கணம் நின்று யோசித்துவிட்டு, அவசரமே இல்லாமல் மேலே போய்ச் சேர்ந்தது.

சித்ரா இறங்கி வந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள். “கனம். பழசுக்கு நாலஞ்சு கிலோ கூட இருக்கும். முறுக்குனா சட்டுனு எந்திரிக்க மாட்டேங்குது. டூ ஸ்ட்ரோக்கே வேற ஒண்ணு பாப்போம்.”

“வழுக்குச்சா?”

“கனம்ங்கிறேன்.”

“வழுக்குச்சா இல்லையா, அத மட்டும் சொல்லு.”

“வழுக்கல.”

“அப்ப வாங்கு.”

“நீங்க சொன்னா ஆச்சா? நாளைக்கு இன்னொரு தடவ ஏறிப் பாத்துட்டுச் சொல்றேன்.”

“சரி, நாளைக்கு” என்றார். தோற்றுப்போன முகமாக இல்லை.

அன்று மத்தியானம் கஞ்சியைக் கேட்டு வாங்கிக் குடித்தார். பருப்புத் துவையல் நன்றாக இருக்கிறது என்று இரண்டாவது தடவையும் வைக்கச் சொன்னார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். மூன்று மணிக்கு டீ எடுத்துக்கொண்டு போன சித்ரா, கதவருகிலிருந்தே தெரிந்துகொண்டாள். டம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். டீயில் ஆடை படியும்வரை அப்படியே இருந்தாள். அதற்குப் பிறகுதான், “மதினி” என்று மாரித்தாயைக் கூப்பிட்டாள்.

மறுநாள் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஜீப் ஜீப்பாக ஆட்கள் மலையேறி வந்தார்கள். பந்தல் சாமான் ஏற்றிவரப் பிக்கப் தேவைப்பட்டதால் வண்டியை முற்றத்து ஓரத்திலேயே இறக்கி வைத்திருந்தான் சிஜு. பெரியவர் ஒருவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “சீட்டையே காணோமே, எங்கிட்டு ஒக்கார்றது?” என்று கேட்டார். அழுதுகொண்டிருந்த சித்ராவுக்கு அதில் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலை, சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு வந்த உறவினர்களும் கிளம்பிய பிறகு, சிஜு பிக்கப்பின் பின்கதவை இறக்கினான்.

“நான் இத எடுத்துட்டுப் போறேன், சேச்சி. இப்போ ஒண்ணும் ஆலோசிக்க வேண்டாம். கோதமங்கலத்துல குடுத்துடலாம்.”

“இரு. இதுதான் வேணும்னு அவரு ஏன் அடம்புடிச்சாரு? ஒன்கிட்ட எதும் சொன்னாரா?”

சிஜு சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான். “டெய்லி ஃபோன்ல விளிப்பாரு. ஒரே கேள்விதான். பிடிக்க ஆளில்லாம ஒத்தைக்கு ஏறினா எந்த வண்டி வழுக்காது? எறங்குறப்ப எது தானாப் பிடிச்சு நிக்கும்? நான் ஃபோர் ஸ்ட்ரோக்னு சொன்னேன். எறங்குறப்ப ஆக்சிலேட்டர விட்டா எஞ்சினே சக்கரத்தப் பிடிச்சுக்கும்னு. நல்லா நோக்கித்தானே சொல்றன்னு நாலு தடவ கேட்டாரு.”

சித்ரா வண்டியைத் திருப்பிப் பாறைப் பக்கம் உருட்டினாள். சமையலறை வாசலில் மாரித்தாய் நின்றுகொண்டிருந்தாள். சித்ரா அவளைப் பார்த்தாள். மாரித்தாயும் பார்த்தாள்.

“செருப்போட ஏறாத” என்றாள் மாரித்தாய். “ஷூவப் போட்டுக்க.”

சிஜு ஓடிவந்து பாறையின் பக்கத்தில் நின்றான்.

“நீ தள்ளி நில்லு சிஜு.”

அவன் தள்ளி நின்றான். வண்டி மெதுவாக ஏறியது. நனைந்த பாறையை டயர் கவ்விக்கொண்டது. அதே இடத்தில் முன்சக்கரம் தூக்கியபோது சித்ரா உடம்பை முன்னால் சாய்த்துக் காத்திருந்தாள். சக்கரம் இறங்கி உட்கார்ந்தது.

மேலே போய் நின்று கீழே பார்த்துக் குரல் கொடுத்தாள். “கோதமங்கலத்துக்காரன்ட்ட வித்துப்போச்சுன்னு சொல்லிரு.”

சிஜு கட்டைவிரலை உயர்த்தினான்.

“பாலில்லாம கட்டங்காப்பி போடவா?” என்று மாரித்தாய் கீழேயிருந்து கேட்டாள்.

“போடுங்க மதினி. அங்கிட்டு வழியா எறங்கி வர்றேன்.”

அங்கிட்டு வழி செங்குத்து. ஏலச்செடிகளுக்கு நடுவே, வெயில் படாமல் பாசி பிடித்துக் கிடக்கும். சித்ரா சரிவின் விளிம்பில் முன்சக்கரத்தை வைத்து ஆக்சிலேட்டர் முறுக்கை முழுக்கத் தளர்த்தினாள். வண்டி அடிமேல் அடி வைப்பதுபோல இறங்கத் தொடங்கியது. இரண்டு பக்கமும் ஈர இலைகள் முழங்கையில் உரசின. பாதி தூரம் வந்தும் அவள் பிரேக்கைத் தொடவில்லை.