தப்பைக் காட்டும் ஸ்பீக்கர்

"இன்னொரு தடவை போடுங்க. அதே இடம்," என்றார் லிஃப்ட்காரர்.

கடைக்காரர் மூன்றாவது ஜோடி ஸ்பீக்கருக்கு ஒயரைச் செருகிவிட்டு மறுபடி பாட்டை ஓடவிட்டார்.

ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்டைப் பழுதுபார்த்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர்தான். பாட்டு விஷயத்தில் சுத்தப் பூஜ்யம். தாலாட்டைக் கேட்டுத் தாளம் போடுகிற ஒரே மனுஷர் என்று மனைவி கேலி செய்வாள். அவரைத்தான் அவள் நம்பிக் கடைக்கு அனுப்பியிருந்தாள்.

அவள் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்தவள். வேலை முடிந்து வந்ததும் படுக்கையறை மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். யார் யாரோ பாடி அனுப்பும் குரலையும் வாத்தியங்களையும் ஏற்றி இறக்கிச் சமன்செய்து, கேட்கும்படியான பாட்டாக்கிக் கொடுப்பாள். அதற்கு மிக்ஸிங் என்று பேர். பத்து வருஷமாக இது நடந்தும், சொந்தக்காரர்களுக்கு அவள் வெறும் டிக்கெட்காரி.

இப்போது உடம்பு நூலாகிவிட்டது. ஹெட்போன் பட்டாலே தலைத்தோல் எரிகிறது. இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று மருத்துவர் சொல்லி நாலு நாளாகிறது. ஒரு பாட்டு மட்டும் பாக்கி. பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி தானே எழுதிப் பாடியது.

"எல்லாத்தையும் அழகாக் காட்டுற ஸ்பீக்கர் வேண்டாங்க. தப்பைத் தப்பாவே காட்டணும்," என்று காலையில் சொல்லி அனுப்பினாள். "நம்ம ரூமுக்கு அஞ்சு இஞ்சு போதும். பெருசு வாங்கினா சுவர்தான் பாடும். ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி டீச்சர் மூச்சு இழுப்பாங்க. அது எதுல கேக்குதோ அதை வாங்குங்க."

முதல் ஜோடி நெஞ்சில் குத்தியது. "எப்படி அதிருது பாத்தீங்களா சார்!" என்றார் கடைக்காரர்.

"அதிருது. மூச்சைத்தான் காணோம்."

இரண்டாவது ஜோடியில் மூச்சு கேட்டது. ஆனால் விலை எட்டாக்கனி. மூன்றாவது, கீழ்த்தட்டில் தூசி படிந்து கிடந்த கறுப்புப் பெட்டிகள். லிஃப்ட் கூண்டுக்கு மேலே நின்று, சத்தத்தை வைத்தே தேய்ந்த உருளையைத் தேடும்போது செய்வதுபோல் அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு கேட்டது. மூச்சுக்குப் பின்னால் இன்னொன்றும்.

"நாற்காலி கிறீச்சுங்குது."

"எந்த நாற்காலி சார்?"

மூன்று முறை போட்ட பிறகுதான் கடைக்காரருக்கே அது பிடிபட்டது. "அட, ஆமா! உங்களுக்குப் பாம்புக் காது சார்."

"இதைக் கட்டிக் குடுங்க," என்றார் அவர்.

மத்தியானம் அவள் படுத்தபடியே சொல்லச் சொல்ல, அவர் டேப்பால் அளந்து, ரசமட்டம் வைத்து, இரண்டு ஸ்பீக்கரையும் அவள் காது உயரத்துக்கு நிறுத்தினார். பாட்டு ஓடியது. அவர் அவள் பக்கம் குனிந்தார்.

"பின்னாடி நாற்காலி சத்தம் வருது. அது ஸ்பீக்கர் கோளாறா?"

அவள் தலையைத் திருப்பி அவரையே பார்த்தாள்.

"அது எனக்குத் தெரியும். வேணும்னுதான் எடுக்காம விட்டேன். அது இருந்தாத்தான் ஒரு ஆள் உக்காந்து பாடறாங்கன்னு தெரியும்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "மூச்சைப் பிடிக்க அனுப்பினா நாற்காலியையும் பிடிச்சுட்டு வந்திருக்கீங்களே," என்று சிரித்தாள்.

முப்பது வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து அவர் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறார்.

"டிரம் சத்தம் குரலை மிதிக்குதுங்க. ஹெட்போன்ல இது தெரியவேயில்ல. கொஞ்சம் இறக்குங்க. இன்னும். போதும் போதும், ஒரு மயிரிழை ஏத்துங்க."

அவர் கை மௌஸைப் பிடித்திருந்தது, காது அவளுடையது. வெயில் தாழும்போது, "அனுப்பிடுங்க," என்றாள்.

மறுநாள் காலை, அவர் தண்ணீர் எடுத்துக்கொண்டு வருவதற்குள் அவள் போய்விட்டிருந்தாள்.

வீடு நிறைந்தது. டீச்சர் வந்தாள். அதுவரை இவர்களை நேரில் பார்த்திராதவள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் பாடினதுதான். ஆனா இவ்வளவு நல்லாவா பாடினேன்?" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் ஆறேழு பேர். கடைசியில் நின்ற முரட்டு ஆள் ஒருவர், "என் முதல் பாட்டு இவங்க பண்ணினது," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், தன் நாற்காலியை அந்த ஆளுக்குக் கொடுத்துவிட்டு எழுந்து நின்றார்.

எல்லாம் முடிந்ததும் லிஃப்ட்காரரும் மச்சானும் இறப்பைப் பதியப் பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள். எழுத்தர் தலை நிமிராமல் பெயர், வயது என்று கேட்டு எழுதிக்கொண்டே வந்தார்.

"தொழில்?"

"ரயில்வேல டிக்கெட்..." என்று ஆரம்பித்தார் மச்சான்.

"பாட்டுக்கு மிக்ஸிங் பண்றவங்க," என்றார் லிஃப்ட்காரர்.

"என்னது? எப்படி எழுதறது?"

"குடுங்க."

அவர் பேனாவை வாங்கி, அச்சடித்ததுபோல் ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். அந்தச் சின்னக் கட்டத்துக்குள் அது அடங்கவில்லை. கோட்டைத் தாண்டிப் பக்கத்துக் கட்டத்துக்குள் பாதிவரை போய் நின்றது. எழுத்தர் ஒரு நிமிஷம் அதைப் பார்த்தார். பிறகு அடுத்த விவரத்தை, மிச்சமிருந்த இடத்தில் சின்னதாக எழுதினார்.