கீழிறங்கி வந்த கத்திரிப் பாத்தி

2003ஆம் ஆண்டு மே மாதப் புயல் ஓய்ந்த காலையில், நெல்லிவத்தைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பான மேல்லயத்தின் பின்புறம் இருந்த மருதாயியின் மரக்கறித் தோட்டம், பாத்தியும் வேலியுமாக அப்படியே மலையிறங்கி வந்து, தோட்ட நிர்வாகி பெரிய துரையின் பங்களாப் புல்தரை நடுவில் உட்கார்ந்திருந்தது. கத்திரிச் செடிகள் பாதி ஒடிந்திருந்தன, ஆனால் வரிசை மாறவில்லை. அவரைக் கொடிகள் தம் கொம்புகளை விடாமல் பிடித்திருந்தன. குருவி விரட்டக் கம்பில் மாட்டியிருந்த அவள் புருஷன் முத்துவீரனின் பழைய காற்சட்டைகூட பங்களா வாசலைப் பார்த்தபடி வந்து நின்றது. இடையிலிருந்த தேயிலை மலையில் ஒரு கீறல் இல்லை. அன்று பக்கத்து ஊரான றக்வானைக் கடைகளில் பச்சை மிளகாய் கிடைக்கவில்லை. கரட் இருந்தது, ஆனால் விலை கேட்டவர்கள் வாங்காமல் திரும்பினார்கள்.

மண் யாருடையது என்பதில் சந்தேகம் எழவில்லை. மேல்லயத்துக்குப் பின்னால் இருப்பது வெறும் பாறை. அங்கே தோட்டம் போடுகிற பெண்கள் வேலை முடிந்த பிறகு ஓடைக்குப் போய், கொழுந்துக் கூடையில் மண் அள்ளி வந்து, சாணமும் சாம்பலும் கலந்து, வருடக்கணக்கில் கொட்டிச் சேர்த்ததுதான் பாத்தி. மருதாயியின் மண்ணில் அவள் கல்யாணத்திலிருந்து உடைந்த வளையல் துண்டுகள் எல்லாம் கிடந்தன. புல்தரைக்கும் சரித்திரம் உண்டு. அந்தப் புல் வெளிநாட்டு விதை என்றும், அதற்கு ஆங்கிலம் மட்டும்தான் புரியும் என்றும் தோட்டத்தில் சொல்லிக்கொள்வார்கள். கொழும்பிலிருந்து கம்பெனிக்காரர்கள் வருகிற நாளில் மட்டுமே துரை அதில் கால் வைப்பார். அன்று காலை அவர் முழங்கால் வரை இழுத்த வெள்ளை மேசோடும் சப்பாத்தும் அணிந்து விறாந்தையில் நின்று மரக்கறித் தோட்டத்தை ஆங்கிலத்தில் ஏசினார். அது அசையாததால் சிங்களத்தில் ஏசினார். கடைசியில் தமிழுக்கு இறங்கி, கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டார்.

பாதை உடைந்து லொறி வராமல், மின்சாரம் இல்லாமல் தொழிற்சாலை மூடிக் கிடந்த நாட்கள் அவை. கொழுந்து பறிக்க ஆள் வேண்டாம் என்று விட்டார்கள். வேலை இல்லாவிட்டால் கூலிப் பதிவில் அன்றைய பேர் இல்லை, பேர் விழாவிட்டால் அரிசி இல்லை. அதனால் மண்ணை மேலே கொண்டுபோய்ப் போட ஆளுக்கு ஒரு நாள் பேர் என்று, காலையில் ஆள் பிரிக்கிற பிரட்டுக்களத்தில் அறிவித்தபோது, மேல்லயமே கூடையோடு வந்து நின்றது. மாலைக்குள் பாத்தி பழைய பாறைக்குப் போய்விட்டது. மருதாயி ஒடிந்த கிளைகளை வெட்டிவிட்டாள், பிழைக்கக்கூடியதை வாழை நாரால் கட்டினாள், தேயிலைக் கவ்வாத்தில் வெட்டிய குச்சிகளால் முட்டுக் கொடுத்தாள், தேங்கிய தண்ணீருக்கு வாய்க்கால் கீறினாள், இலைகளில் அப்பியிருந்த சேற்றை ஒவ்வொன்றாகக் கழுவினாள். வேறு சாப்பாட்டுக்கு வழியில்லாத வீட்டில் உழைக்கிறவர் நோயில் விழுந்தால் பார்ப்பதுபோல அவள் அதைப் பார்த்தாள். மறுநாள் விடிந்தபோது பாத்தி மறுபடியும் புல்தரையில் இருந்தது.

மறுபடியும் தூக்கினார்கள், மறுபடியும் பேர் விழுந்தது. மறுபடியும் அது இறங்கியது. அது இறங்குவதை யாரும் பார்த்ததில்லை. பார்க்க யாரும் விரும்பவும் இல்லை. மேல்லயத்தில் அடுப்பு எரிந்ததே அந்த மண் இறங்கியதால்தான். மண் வராமல் போய்விடுமோ என்ற கவலையில் விடியும் முன்பே எழுந்து எட்டிப் பார்த்தவர்கள் உண்டு. ஏன் இறங்குகிறது என்று மட்டும் எவரும் கேட்கவில்லை. பிறகு அது தனியாக வருவதை நிறுத்தியது. ஒரு காலை பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த பிலோமினம்மாவின் பீர்க்கம் பந்தலும் கூடவே வந்திருந்தது. இன்னொரு காலை துணி துவைக்கிற கல். அதற்குப் பிறகு லயத்தின் முதல் காம்பராப் படிக்கட்டு. கடைசியில் லயத்துக் கோயில் முனியாண்டியின் சூலமும் வந்து, ரோஜாச் செடிகளுக்கு நடுவில் குத்தி நின்றது. பூசாரி, சாமி பங்களாவைச் சோதனை போடப் போயிருக்கிறது என்றார். தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் பாக்கியநாதன், சூலம் இரும்பு, அதைத் தூக்க அரைப்பேர் கூடுதலாக வேண்டும் என்று கோரிக்கை வைத்தார். துரை சம்மதித்தார். அந்த வெற்றிக்காகத் தலைவர் தமக்கு ஒரு மாலை போட்டுக்கொண்டார். சூலம் மேலே போனது.

மருதாயிக்குத்தான் இந்தப் பிழைப்பு ஆகவில்லை. ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் வேர் அறுந்தது. கத்திரி இலைகள் மஞ்சளாகின, பூ காம்போடு கொட்டியது.

"தூக்கித் தூக்கியே கொல்றீங்க. ஒரு எடத்துல ஒக்கார விட்டாத்தானே வேர் புடிக்கும்" என்றாள் புருஷனிடம்.

"வேர் புடிச்சிட்டா நமக்கு யாரு பேர் போடுவா?" என்றான் முத்துவீரன்.

"பேர வச்சி கொழம்பு வப்பீங்களா?"

"வெறும் கத்திரிக்காய வச்சி என்னா செய்வ? பேசாம கூடையப் புடி."

அவள் கூடையைப் பிடிக்கவில்லை. புயல் சேதத்தைப் பார்க்கக் கம்பெனிக்காரர்கள் வருவதற்கு முந்தின நாள், பாத்தி வழக்கம்போல் புல்தரையில் இருந்தபோது, ஒரு குடம் தண்ணீரோடு போய் அதன் நடுவில் உட்கார்ந்துவிட்டாள். பங்களா வாச்சர் அஸீஸ் ஓடி வந்தான்.

"அக்கா, புல்ல மிதிக்காதீங்க. தொரை மாத்தயா பாத்தா என்னத்தான் திட்டுவாரு."

"நான் எங்க ஒங்க புல்லுல இருக்கேன்? என் மண்ணுல இருக்கேன்."

துரையே இறங்கி வந்தார். "இது கம்பெனி தரை. தரை மேல உள்ளது எல்லாம் கம்பெனி" என்றார்.

"அப்ப நானும் கம்பெனிதானுங்களே தொரை. எப்பிடி வெரட்டுவீங்க?"

துரை விறாந்தைக்குத் திரும்பினார். பொலிசுக்கு ஆள் அனுப்பினார். மருதாயியைத் தூக்கப் போகிறார்கள் என்ற சேதி பரவியதும் மேல்லயம் முழுவதும் இறங்கி வந்தது. கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பரா ஆயா குழந்தைகளை வரிசையாக ஓட்டி வந்தாள். படுக்கையில் கிடந்தவர்களையும் கட்டிலோடு கொண்டுவந்தார்கள், வேடிக்கையைப் பிறகு யார் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருப்பது என்று. இத்தனை கூட்டத்தைக் கண்ட பாக்கியநாதன் வெள்ளைச் சட்டை மாற்றி வந்து பேசத் தொடங்கினார். நெல்லிவத்தை மண் தன் உரிமையைக் கேட்டுக் கால்நடையாக வந்திருக்கிறது என்றார். அங்கிருந்து பின்னால் போய், பாட்டன்மார் கப்பலேறிய கதைக்கு வந்தார். அவர் பேசத் தொடங்கினால் நடுவில் எழுந்து போவது மரியாதையில்லை என்பது தோட்டத்து வழக்கம். பொலிஸ்காரர்கள் வந்து, அவர்களும் தொப்பியைக் கழற்றி நின்று கேட்டார்கள்.

முத்துவீரன் மட்டும் பொறுமையிழந்து லயத்துக்குத் திரும்பப் பார்த்தான். கால் வரவில்லை. அவரைக் கொடி ஒன்று கணுக்காலைச் சுற்றி முழங்கால் வரை ஏறியிருந்தது. இழுத்தான், இறுகியது.

"இந்தா, ஒன் கொடிய அவுத்து விடு. நான் மேல போகணும்" என்றான்.

"அதுகிட்டயே கேளுங்க" என்றாள் மருதாயி, திரும்பிப் பார்க்காமல்.

கவ்வாத்துக் கத்தி இருந்தால் ஒரே வெட்டு. கத்தி லயத்தில் இருந்தது. அதை எடுத்து வர யாரையாவது அனுப்பலாம் என்று சுற்றிப் பார்த்தான். எல்லாரும் கப்பலில் இருந்தார்கள்.

பாக்கியநாதன் குடியுரிமை பறிபோன பகுதிக்கு வந்தபோது மேல்லயம் போனது. சாக்கிலிருந்து சரளைக்கல்லைக் கொட்டுவது போன்ற சத்தம்தான் முதலில் கேட்டது. பிறகு மலையின் மேற்பாதி, தேயிலையும் பாறையும் லயமும் கோயிலும் சேர்ந்து, அவசரமில்லாமல் இறங்கி வந்து, பங்களா வேலியருகே நின்றது. துரையின் வெள்ளை மேசோட்டில் செம்மண் தெறித்தது. கோழிகள் போயின, முத்துவீரனின் கத்தி போனது, ஆட்கள் எவரும் போகவில்லை. தலைவரின் பேச்சு நீளமாக இருந்ததற்காக அவருக்கு ஜனங்கள் நன்றி சொன்ன ஒரே நாள் அது. அவரைக் கொடி தானாக அவிழ்ந்து தன் கொம்புக்குத் திரும்பியது. முத்துவீரன் அந்தக் காலைத் தரையில் ஊன்றாமல் வெகுநேரம் நின்றான்.

ஆபத்தை முன்கூட்டியே அறிந்து தொழிலாளரைப் பாதுகாப்பான இடத்துக்கு வரவழைத்தமைக்காகக் கம்பெனி துரைக்கு ஒரு கேடயம் கொடுத்தது. அது விறாந்தையில் தொங்கியது. பாக்கியநாதன் தாம் பேசிய இடத்தில் கொடிக்கம்பம் நட்டார். புல்தரையைச் சுற்றித் தகரக் கொட்டில்கள் எழுந்தன. புது வீடுகளுக்கு அடிக்கல் ஒரு தேர்தலுக்கு ஒன்றாக நடப்பட்டது. அந்த இரண்டு அடிக்கற்களின் மேலும் அவரைக் கொடி படர்ந்து, நட்டவர் பேரை மறைத்தது. பாத்தியைத் தூக்க இனி ஆளில்லை, போட இடமும் இல்லை. அது ஒரே இடத்தில் நின்று வேர் பிடித்தது. அந்தக் கத்திரிக்காயை தூரத்து மாவனல்லையிலிருந்துகூடக் கேட்டு வந்தார்கள். துரையின் சாப்பாட்டு மேசைக்கும் அதுதான் போனது. வெளிநாட்டுப் புல் பட்டுப்போனதை எவரும் கவனிக்கவில்லை. காலையில் கண் விழித்ததும் முதலில் பாத்தி இருக்கிறதா என்று பார்க்கிற பழக்கம் மட்டும் அத்தனை பேருக்கும் வந்துவிட்டது. அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொள்வதில்லை.

2009ஆம் ஆண்டு மே மாதம், யுத்தம் முடிந்ததென்று றக்வானையில் பாற்சோறு பகிர்ந்து பட்டாசு வெடித்த வாரத்தில், ஒரு காலை பாத்தி இருந்த இடத்தில் செவ்வகமாய் ஈர மண் மட்டும் இருந்தது. கொடிக்கம்பமும் இல்லை. மரக்கறித் தோட்டம் தொழிற்சாலையைத் தாண்டி, கீழே பஸ் பாதையோரம் போய் உட்கார்ந்திருந்தது. கத்திரிப் பூக்கள் கொட்டாமல் இருந்தன, காற்சட்டை பாதையைப் பார்த்து நின்றது. விறாந்தையில் தொங்கிய கேடயம் அவரைக் கொம்பில் மாட்டியிருந்தது.

இம்முறை யாரும் கூடை கேட்கவில்லை, பேரும் கேட்கவில்லை. முத்துவீரன் முதல் வேலையாகக் கத்தியை இடுப்பில் செருகினான். மருதாயி சட்டி பானைகளைச் சாக்கில் கட்டினாள். பாக்கியநாதன் பேச வாயெடுத்து, பங்களாவுக்குப் பின்னால் இருந்த மலையைப் பார்த்து, பேசாமல் பாயைச் சுருட்டினார். துரை இரவில் கட்டிய சாரத்தோடு வெளியே வந்து வெறும் தரையைப் பார்த்தார், அவரும் மலையைப் பார்த்தார். பிறகு உள்ளே போய், தம் சாய்மனைக் கதிரையைத் தாமே தூக்கிக்கொண்டு வந்து, மருதாயியின் பின்னால் வரிசையில் நின்றார்.

"நிழல் உள்ள பக்கமா போட இடம் இருக்குமா?" என்று கேட்டார்.

"இருக்குங்க தொரை" என்றாள் அவள். "பாத்து வைங்க. வாய்க்கால மறிச்சிறாதீங்க."