பட்டியலில் முதலாமவர்

பேராசிரியர் டெஷ்னர் தன் நான்காவது கடிதத்தில், எங்கள் ஆய்வகக் கதவின் அகலம் எவ்வளவு என்று கேட்டிருந்தார். டேப்பை எடுத்துப் போய் அளந்தேன். தொண்ணூற்றெட்டு சென்டிமீட்டர். பதில் அனுப்பினேன். மூன்றாவது கடிதத்தில், ஜன்னல்கள் எந்தத் திசையைப் பார்த்திருக்கின்றன என்று கேட்டிருந்தார். இரண்டாவதில், ஊரில் நல்ல பள்ளிக்கூடம் உண்டா என்று. அவருடைய இளைய மகளுக்கு முப்பத்தொரு வயது. அவர் இங்கே வேலைக்கு வரப்போவதில்லை என்பது துறையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஏழு மாதமாக ‘வரவில்லை’ என்ற ஒரு வார்த்தையை அவர் எழுத மாட்டேன் என்கிறார். எப்படி அதை எழுத வைப்பது என்பதுதான் புரியவில்லை.

நான் இந்தத் துறையின் செயலாளர், இருபத்தாறு வருடமாக. அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தவள் ரோசிட்சா டிமோவா. பல்கேரியாக்காரி. ஏரிச் சேற்றில் புதைந்த மகரந்தத் தூளை எண்ணி, மூவாயிரம் வருடத்துக்கு முன் அந்தக் கரையில் என்ன மரம் நின்றது என்று சொல்பவள். சோஃபியாவில் படிப்பு, ஆஸ்திரியாவின் கிராட்ஸில் முனைவர் பட்டம், ஜெர்மனிக்கு வந்து டெஷ்னரிடமே இரண்டு வருடம், பிறகு எங்களிடம் நான்கு. எல்லாம் தற்காலிக வேலை. பட்டம் வாங்கிய பிறகு ஒருவரை இப்படி ஆறு வருடம்தான் வைத்திருக்கலாம் என்பது சட்டம். அவளுடைய ஆறு செப்டம்பர் முப்பதாம் தேதி முடிகிறது. அதற்குள் பேராசிரியர் ஆக வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும்.

எங்கள் துறையில் காலியான பதவிக்கு டெஷ்னரை முதலாவதாகவும் ரோசிட்சாவை இரண்டாவதாகவும் பட்டியலிட்டிருந்தார்கள். முதலாமவர் எழுத்தில் மறுத்தால்தான் இரண்டாமவரை அழைக்கலாம். அவருக்குக் கெடு வையுங்கள் என்று எங்கள் டீனிடம் சொன்னேன்.

“அவ்வளவு பெரிய மனுஷரை அவசரப்படுத்தக் கூடாது, திருமதி லூடர்ஸ். மனசு புண்பட்டுடும்” என்றார்.

இந்த இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று சொல்கிறேன். ஒரு பேராசிரியர் தன் டீனிடம் வெறுங்கையோடு போய், இன்னொரு உதவியாளர் வேண்டும் என்றால் சிரிப்பார்கள். வேறொரு பல்கலைக்கழகம் அனுப்பிய அழைப்புக் கடிதத்தோடு போனால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைப்பார்கள். போகாமல் இருக்க என்ன வேண்டும் என்று கேட்பார்கள். ஆகவே டெஷ்னர் வகையறாக்கள் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எங்கேயாவது விண்ணப்பிப்பார்கள். விரிவுரையில் எங்கள் ஏரிகளைப் பற்றிப் பேசும்போது குரல் தழுதழுக்கும். தேர்வுக் குழு சொக்கிப் போகும். கடிதம் கைக்கு வந்ததும் தன் ஊரில் பேரம் தொடங்கும். அது முடியும்வரை எங்களிடம் ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கேள்வி நிலுவையில் இருக்கும்வரை அழைப்பும் உயிரோடு இருக்கும். கதவின் அகலம் அதற்குத்தான்.

ஜூன் மாதத்தில் ஒரு மாநாட்டுக்குப் போய் வந்த ரோசிட்சா என் அறைக்கு வந்து காபி ஊற்றிக்கொண்டாள்.

“அவரைப் பார்த்தேன். ‘நீயும் விண்ணப்பிச்சிருந்தியாமே, நல்ல அனுபவம்’னு தோள்ல தட்டினாரு.”

“நீ என்ன சொன்னே?”

“நன்றின்னேன். மூணு நாடு சுத்தி ஒழுங்காக் கத்துக்கிட்டது அது ஒண்ணுதான்.”

“செப்டம்பருக்கு அப்புறம் என்னம்மா பண்ணுவே?”

“அண்ணன் டைல்ஸ் கடை வெச்சிருக்கான். மண்ணைப் பத்தி இவ்ளோ படிச்சிருக்கியே, வந்து கல்லாவுல உக்காருங்கறான்.”

பேராசிரியர்கள் ரகசியம் காப்பார்கள். அந்த ரகசியங்களைத் தட்டச்சு செய்வது நாங்கள். டெஷ்னரின் செயலாளர் மோரிங்கைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

“உங்க ஆளு எப்போதான் எங்களை வேண்டாம்னு சொல்லுவாரு?”

“சொல்லித் தொலைச்சா நானும் நிம்மதியா இருப்பேன். உதவியாளர் குடுத்தாச்சு, வகுப்பைப் பாதியாக் குறைச்சாச்சு. குளிர் அறை ஒண்ணுதான் பாக்கி. அது வராம அசைய மாட்டேங்கறாரு.”

ஏரியிலிருந்து சேற்றை நீண்ட குழாய்களில் உருவி எடுப்பார்கள். அவற்றை நான்கு டிகிரியில் வைக்காவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். அதற்குத்தான் அறை.

“கட்டிக் குடுக்க வேண்டியதுதானே?”

“எங்க கட்டிடம் பழமைச் சின்னம். சுவத்துல ஆணி அடிக்கவே அனுமதி வாங்கணும். டீன் பிப்ரவரியிலேர்ந்து இடம் தேடறாரு.”

இதை ரோசிட்சாவிடம் சொன்னபோது அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“பழைய கேன்டீனுக்குக் கீழ ஒண்ணு இருக்கே. நான் அங்க இருந்தப்போ டெஷ்னர் என் குழாய்ங்களுக்கு இடம் தரல. சமையல் பண்றவங்ககிட்ட கெஞ்சி, பால் கேனுங்க பக்கத்துல ஒரு அலமாரி வாங்கினேன். அப்புறம் கேன்டீனை வேற கட்டிடத்துக்கு மாத்திட்டாங்க. அறை சும்மாத்தான் கிடக்கு.”

“டீனுக்குத் தெரியாதா?”

“டீன் என்னிக்குக் கேன்டீன்ல சாப்பிட்டாரு?”

காரணம் அதைவிட எளிது. கேன்டீன் பல்கலைக்கழகத்துடையது இல்லை. மாணவர் நலச் சங்கத்துடையது. அதனால் பல்கலைக்கழகத்தின் அறைப் பட்டியலில் அது கிடையாது. டீன் நான்கு மாதமாகத் தேடியது பட்டியலில்.

“அந்த ஆளுக்கே நான் நல்லது பண்ணணுமா?” என்றாள் ரோசிட்சா.

“வேண்டாம். டைல்ஸ் வித்துக்கோ.”

திட்டிக்கொண்டே ஒரு தாளை இழுத்து வரைந்தாள். பின்வாசல், இறங்கும் படி, இடது பக்கம் மூன்றாவது கதவு, ஸ்விட்ச் இருக்கும் இடம். அன்றே மோரிங்குக்கு அனுப்பினேன். மோரிங் சங்கத்து அலுவலகத்தில் சாவி வாங்கி, கீழே இறங்கி ஸ்விட்சைப் போட்டாள். மறுநாள் காலை அறை நான்கு டிகிரிக்கு வந்திருந்தது. வியாழக்கிழமை சங்கம் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அவர்கள் டீன் அதைத் தானே கண்டுபிடித்ததாக டெஷ்னரிடம் சொல்லிக்கொண்டாராம்.

செவ்வாய்க்கிழமை ஐந்தாவது கடிதம் வந்தது. கனத்த இதயத்தோடு மறுக்கிறாராம். எங்கள் டீன் தன் பொறுமைக்குப் பலன் கிடைத்ததாகத் தாழ்வாரத்தில் நின்று எல்லோரிடமும் சொன்னார். ஜூலை பதினோராம் தேதி ரோசிட்சா தன் அழைப்பில் கையெழுத்திட்டாள்.

இதே நிலையில் இரண்டாவதாக நிற்பவர்களுக்காக வழியைச் சொல்லிவிடுகிறேன். முதலாமவருக்கு அவருடைய ஊரில் இன்னும் கிடைக்காத பொருள் எது என்று அவருடைய செயலாளரிடம் கேளுங்கள். அதை அங்கேயே அவருக்குக் கிடைக்கச் செய்யுங்கள். ஒரு வாரத்தில் மறுத்துவிடுவார்.