கலிசித்தோவுக்கு ஒரு சிரட்டை

முதல் குத்து எனக்குத்தான் விழுந்தது. சரியான இடத்தில்தான் விழுந்தது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு பற்கள் செலவாயின.

புயல் எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்தின் கூரையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தது. புதுத் தகரம் போடப் பணம் திரட்ட வேண்டும். சனிக்கிழமை மதியம் பள்ளி வளாகத்தில் தார்ப்பாய் கட்டி, பாய் விரித்து, நடுவே பெரிய மரத்தொட்டியில், லேசாகக் கிறங்கவைக்கும் யங்கோனா வேர்த்தூளைக் கரைத்து வைத்தோம். கடற்கரைக்காரர்கள் ஒரு பக்கம், ஆற்றுக்காரர்கள் எதிர்ப் பக்கம். ஆட்டம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். நான் காசு வைத்து உன் பெயரைச் சொன்னால் நீ ஒரு சிரட்டை குடிக்க வேண்டும். குடிக்க மனமில்லையா, நான் வைத்ததைவிடக் கூடுதலாக வைத்துத் தப்பித்துக்கொள். எப்படியும் காசு கூரைக்கு.

பெயர் கூவுகிறவன் அலோ, அதாவது நான். பங்குப் பேரவை என்னைப் பொறுக்கியெடுத்தது என் பக்திக்காக அல்ல, வாய்க்காக.

கலிசித்தோ என் அத்தை மகன். எங்கள் தீவுகளில் மச்சானை எவ்வளவு வேண்டுமானாலும் சீண்டலாம். அவன் கோபித்துக்கொள்ளக் கூடாது. மே மாதம் அவன் மனைவி லோசேனா இறந்துபோனாள். செத்தவர்களுக்காக நூறு இரவுகள் எதையாவது விட்டுவிடுவது எங்கள் வழக்கம். ஒருவர் மீனை விடுவார், இன்னொருவர் முடி வெட்டுவதை விடுவார். எதை விட்டோம் என்று யாரும் தம்பட்டம் அடிப்பதில்லை. கலிசித்தோவின் தலை புதர் மாதிரி இருந்தது. தாடி நெஞ்சைத் தொட்டது. அவன் விட்டது முடி வெட்டுவதைத்தான் என்று நானே தீர்ப்பெழுதிக்கொண்டேன்.

"அஞ்சு டாலர்! கலிசித்தோவுக்கு ஒரு சிரட்டை!" என்று கூவினேன். "நிறைய ஊத்துங்கப்பா. அந்தக் காட்டுக்குள்ள வாய் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள பாதி சிந்திரும்!"

கூட்டம் சிரித்தது. கலிசித்தோ பத்து டாலர் வைத்தான். "வேணாம் மச்சான்."

"பாருங்கய்யா, மீன்காரன் பணக்காரன் ஆயிட்டான்! இருபது!"

முப்பது வைத்தான். அப்போது ஆற்றுப் பக்கத்திலிருந்து சாக்கியாசியின் குரல் வந்தது. ஆற்றுக்காரர்களுக்குத் தலைவர், இரண்டு லாரிகளுக்குச் சொந்தக்காரர், எருமைக் கழுத்து.

"நாப்பது. நாங்க கரைச்ச யங்கோனா அந்தத் தம்பிக்குக் கசக்குதோ?"

கலிசித்தோ சட்டைப்பையைத் துழாவினான். கசங்கிய நோட்டுகளை எல்லாம் எண்ணாமலே பாயில் போட்டான். அவனிடம் அவ்வளவுதான் இருந்தது; நாற்பதைத் தாண்டியதா என்று யாரும் எண்ணவில்லை. பிறகு என் பக்கம் குனிந்து, "அலோ, வேற யாரையாவது கூப்பிடுடா" என்றான் மெதுவாக.

அதையும் ஆட்டத்தின் பகுதி என்றே நினைத்தேன். நூறு டாலர் வரும்போல இருந்தது. வாய் சும்மா இருக்குமா?

"பயமா மச்சான்? லோசேனா இருந்திருந்தா உன் பங்கையும் சேத்து அவளே குடிச்சிருப்பா!"

குத்து அப்போதுதான் விழுந்தது.

தார்ப்பாய் எங்கோ உயரத்தில் சுற்றியது. வாயில் ரத்தமும், சோளமணி மாதிரி ஏதோ ஒன்றும் இருந்தன. அந்த மணி என் பல் என்று புரிவதற்குள் பாய் போர்க்களம் ஆகிவிட்டது. பெயர் கூவுகிறவனை அடித்தது சபையை அடித்தது மாதிரி என்று ஆற்றுக்காரர்கள் எழுந்தார்கள். எங்கள் ஆள் கலிசித்தோவை மறித்தது எங்களை அடித்தது மாதிரி என்று கடற்கரைக்காரர்கள் எழுந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்கிற அதே கைகள்தான். ஒரு பெஞ்சு பறந்து வந்து பாடகர் குழுத் தலைவரின் முழங்காலில் இறங்கியது. அவர் போட்ட அலறல் அவர் பாடியதிலேயே உயர்ந்த சுதி. மரவள்ளி வெட்டிக்கொண்டிருந்த கத்தியோடு ஒருவன் சமையல் பக்கமிருந்து ஓடிவந்தான். யாரோ அவன் கையைத் தட்டிவிட, கத்தி இன்னொருவனின் தோளைக் கீறிக்கொண்டு மண்ணில் குத்தி நின்றது. அதன்பிறகுதான் உண்மையான அடி தொடங்கியது.

நடுவில் சாக்கியாசியின் ஆட்கள் மூன்று பேர் கலிசித்தோவை மல்லாக்கப் போட்டு மேலே உட்கார்ந்திருந்தார்கள். சாக்கியாசி நிரம்பிய சிரட்டையோடு குனிந்தார்.

"காசு வச்சாச்சு. குடிச்சுத்தான் ஆகணும். வாயைத் திறடா!"

கலிசித்தோ பல்லைக் கடித்துக்கொண்டான். சிரட்டையின் விளிம்பை அவன் உதடுகளுக்கிடையே வைத்து அழுத்தினார். உதடு கிழிந்தது. பழுப்புத் தண்ணீரும் ரத்தமும் தாடியில் வழிந்தன. அவன் தலையை மண்ணில் இடித்து இடித்துத் திருப்பினான். ஒரு வாய்த் தண்ணீர் உள்ளே போகாமலிருக்க ஒரு மனிதன் இப்படிப் போராடி நான் பார்த்ததில்லை.

என் மனைவி வெரோனிக்கா என் காதைப் பிடித்துத் தூக்கினாள்.

"யோவ் மடையா! அவர் விட்டது முடியை இல்லய்யா, யங்கோனாவ! இன்னும் ஏழு ராத்திரிதான் பாக்கி! ஊர்ப் பொம்பளைங்க எல்லாருக்கும் தெரியும்!"

"எனக்கு ஏன்டி சொல்லல?"

"உன்கிட்டச் சொன்னா தீவு பூராவும் சொன்ன மாதிரி!"

அதற்குப் பிறகு நான் செய்ததை வீரம் என்று சொல்லமாட்டேன். நாலுகால் பாய்ச்சலில் போய், சாக்கியாசியின் அக்குளுக்குக் கீழே தலையை நுழைத்து, சிரட்டை பிடித்த மணிக்கட்டைக் கடித்தேன். இருக்கிற பற்களால்தான். அவர் முழங்கை என் முகத்தில் இறங்கியது. இரண்டாவது பல்லும் போயிற்று. நான் விடவில்லை. நாய் மாதிரி தொங்கினேன். சிரட்டை விழுந்து உடைந்தது.

பிறகு எல்லார் மேலும் மழை கொட்டியது. பங்குத் தந்தை எமோசி, மூக்கில் ரத்தம் ஒழுக, மரத்தொட்டியையே தூக்கி எங்கள் மேல் கவிழ்த்திருந்தார்.

"காணிக்கைன்னா அவனவன் கையத் திறக்கறதுடா!" என்று கத்தினார். "அடுத்தவன் வாயத் திறக்கறது இல்ல!"

வெரோனிக்கா எல்லார் முன்னாலும் விஷயத்தைப் போட்டுடைத்தாள். சாக்கியாசி தன் கையிலிருந்த பல்தடத்தைப் பார்த்தார், கலிசித்தோவைப் பார்த்தார், பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். "ஆண்டவரே... எனக்குத் தெரியாதே" என்றார். பெண்கள் சேற்றிலிருந்து நோட்டுகளைப் பொறுக்கித் துடைத்தார்கள். வெட்கத்தில் எல்லாரும் கூடுதலாகப் போட்டதில் கூரையில் முக்கால்வாசி தேறிவிட்டது. எங்கள் பங்கில் இதுவரை எந்த ஜெபமும் இவ்வளவு வசூலித்ததில்லை.

மறுநாள் பூசை முடிந்ததும், மன்னிப்புக் கேட்கும்போது எங்கள் வழக்கப்படி நீட்டுகிற திமிங்கிலப் பல்லை இரவல் வாங்கிக்கொண்டு கலிசித்தோவின் வீட்டுக்குப் போனேன். அவன் வலை பின்னிக்கொண்டிருந்தான். உதட்டில் மூன்று தையல். நான் மண்டியிட்டு, பல்லை நீட்டி, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். ஓட்டைப் பல்லில் பாதி வார்த்தை காற்றாகப் போயிற்று.

அவன் வாங்கவில்லை.

"நீதான் கிட்ட இருந்த," என்றான். "உள்ள போச்சா?"

"என்னது?"

"ரத்தமா, அதுவான்னு எனக்குத் தெரியல. ராத்திரி பூரா யோசிச்சேன். அவகிட்ட நூறுன்னு சொல்லியிருக்கேன்டா. சொல்லு. உள்ள போச்சா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆளைச் சிரிக்கவைக்க எத்தனையோ பொய் சொன்ன வாய். ஒருத்தனைத் தூங்கவைக்க ஒன்று சொல்லக் கூடாதா? ஆனால் சாக்கியாசியின் அக்குளுக்குக் கீழிருந்து நான் பார்த்தேன்.

"தொண்டை அசைஞ்சுது மச்சான். ஒரு தடவ."

அவன் எழுந்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்று ஏற்கெனவே வீங்கி மூடித்தான் இருந்தது. வயிற்றில் ஒரு குத்து விழுந்தது. மூச்சுத் திரும்பி வந்தபோது அவன் திமிங்கிலப் பல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். வாங்கிக்கொண்டான் என்று அர்த்தம்.

"அப்ப திரும்ப முதல்லேருந்து. இன்னைக்கு ராத்திரி ஒண்ணு," என்றான்.

"எனக்கும் ஒண்ணு."

"நீயா? விடிஞ்சா யங்கோனா தேடற ஆளு, நூறு ராத்திரி தாங்குவியா?"

"உன் பெண்டாட்டிக்காகன்னு நினைக்காத. பல்லு போன எடத்துல பட்டா எரியுது."

சிரித்துவிட்டான். ஒரு தையல் பிரிந்து தாடியில் ரத்தம் இறங்கியது. "நாசமாப் போறவனே, சிரிக்க வைக்காத" என்று உதட்டைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். நான் இடுப்பில் கட்டியிருந்த சுலு வேட்டியின் ஓரத்தைக் கிழித்து நீட்டினேன். அவன் அதை வாயில் அழுத்திக்கொண்டான். வெகுநேரம் சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை; தோள்கள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தன. வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக, நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.