இடப்பக்கத்து வில்

மார்கழி முதல் வெள்ளியன்று காலை, கார் பின்பக்கமாக நகர்ந்து இன்னாசிமுத்துவின் பட்டறைக்குள் வந்தது. வில்லியனூரில் அந்தப் பட்டறைக்கு மாட்டு வண்டிகள்தான் வரும். எப்போதாவது ஒரு மில் லாரி வரும். இன்னாசிமுத்து கையைத் துடைத்துக்கொண்டு காரை ஒருமுறை சுற்றி வந்தான். குனிந்து அடியில் வண்டியைத் தாங்கும் இரும்பு வில்களைப் பார்த்தான்.

"ஒண்ணும் ஒடையலியே. இன்னாத்துக்குக் கொண்டாந்த?"

"இந்த மூலை தாழணும்," என்றான் டிரைவர் உலகநாதன். இடப்பக்கப் பின் சக்கரத்தைக் காட்டினான்.

"தாழ்ந்து போனத தூக்கிக் குடுன்னுதான் எல்லாரும் வருவாங்க. நீ நல்லா நிக்கற வண்டிய தாழ்த்தச் சொல்ற. அதுவும் ஒத்த மூலைய. காலையிலயே குடிச்சியா?"

"அம்மா சொல்லிட்டாங்க."

"எந்த அம்மா?"

"பாகூர் பலராமன் ஐயா சம்சாரம்."

இன்னாசிமுத்து சிரிப்பை நிறுத்தினான்.

பலராமன் ஆடியில் இறந்துபோயிருந்தார். கனத்த மனிதர். இரண்டு ஆள் எடை. காரில் எப்போதும் பின்னால் இடப்பக்கம்தான் உட்காருவார். அவர் ஏறியதும் அந்த மூலை தாழும். பாகூர் ஏரிக்கரையில் நிற்பவர்களுக்கு முதலில் புழுதி தெரியும், பிறகு கார் தெரியும். பின் ஜன்னல்களில் பச்சைத் திரை இழுத்துவிட்டிருக்கும். உள்ளே ஆள் இருப்பது தெரியாது. ஆனால் வண்டி இடப்பக்கம் சாய்ந்து வந்தால் ஐயா இருக்கிறார் என்று அர்த்தம். பீடி அணையும். தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்குப் போகும். வரப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். வண்டி நிமிர்ந்து வந்தால் டிரைவர் தனியாக எதற்கோ போகிறான். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஆடியிலிருந்து கார் நிமிர்ந்தே ஓடியது.

கார்த்திகையில் ஏரி நிறைந்தது. பலராமனின் நிலம் வாய்க்காலின் கடைசியில். அவர் இருந்தவரை அவருடைய தண்ணீர் முறை நாளில் மேலே உள்ள மடைகள் எல்லாம் விடிவதற்கு முன்பே அடைபட்டிருக்கும். இந்த வருஷம் அடைபடவில்லை. சம்பா பால் பிடிக்கும் நேரத்தில் வயல் வெடித்தது. அவர் மனைவி கஸ்தூரி வெள்ளைப் புடவையோடு திரைக்குப் பின்னால் உட்கார்ந்து ஏரிக்கரைக்குப் போனாள். மடைப் பலகையின் மேல் மேல்வயல் பக்கிரி உட்கார்ந்திருந்தான். பலராமனின் எதிரில் ஒரு தடவைகூட உட்கார்ந்தறியாதவன். காரைப் பார்த்தான். வெற்றிலையைத் துப்பிவிட்டு மறுபடியும் வாய்க்காலைப் பார்த்தான்.

அன்று மாலை அவள் உலகநாதனைக் கூப்பிட்டாள்.

"அவரு ஒக்காந்தா எவ்ளோ தாழும்?"

அவன் சொன்னான்.

"ஆளு இல்லாமலே அப்படி நிக்க வெக்க முடியுமா?"

"அம்மா, ஐயா இல்லன்னு எல்லாருக்குந்தான் தெரியும். கொள்ளி வெக்கறப்ப அத்தினி பேரும் நின்னாங்களே."

"தலைக்குத் தெரியும். முதுகுக்குத் தெரியாது," என்றாள் கஸ்தூரி.

இன்னாசிமுத்து முழுவதையும் கேட்டான். நம்பாமல் ஒருமுறை, நம்பி ஒருமுறை தலையை ஆட்டினான். "புதுச்சேரியில சொன்னா பிரான்சுலேருந்து வேற வில்லு வரவழைப்பான். கப்பல் வந்து சேர்றதுக்குள்ள உங்கம்மா பயிரு வைக்கோலாயிடும். இருக்கறதயே ஒழுங்கு பண்ணலாம். செலவும் இல்ல."

காரைத் தூக்கிக் கட்டைகளின் மேல் நிறுத்தினான். வில்லைக் கழற்றினான். பெரிதிலிருந்து சிறிதுவரை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஏழு இரும்புப் பட்டைகள். நடுவில் ஒரு கச்சை. கச்சையை அவிழ்த்ததும் பட்டைகள் கிணுங்கித் தரையில் பிரிந்தன. இரண்டை எடுத்து ஒதுக்கி வைத்தான். எல்லாவற்றிலும் நீளமானதை இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே கவிழ்த்து, வளைவின் முதுகில் சம்மட்டியால் அடித்தான்.

"உலையில வெக்கலியா?" என்றான் உலகநாதன்.

"வெச்சா சட்டுனு படியும். அப்புறம் அது வில்லு இல்ல. தகரம்."

மதியம்வரை அடித்தான். மாட்டிக் கீழே இறக்கியபோது சக்கரம் மட்கார்டில் முட்டியது. இன்னாசிமுத்து கெட்ட வார்த்தை சொன்னான். மறுபடியும் கழற்றி, ஒதுக்கியதில் ஒரு பட்டையைத் திரும்பச் செருகினான்.

"இப்ப பாரு."

உலகநாதன் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல்களை விட்டான். ஐயா ஏறி உட்கார்ந்த பிறகு ஒவ்வொரு நாளும் அப்படித்தான் பார்ப்பான். பள்ளத்தில் இடிக்குமா என்று தெரிந்துகொள்ள. இரண்டு விரல் நுழைந்தது. மூன்றாவது நுழையவில்லை. அதே இடைவெளி. கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டான். எழுந்து சீட்டைப் பார்த்தான்.

"செத்தவருக்கு எடை போட்டவன் இந்த ஜில்லாவுலயே நான் ஒருத்தன்தான்," என்றான் இன்னாசிமுத்து. மீந்த பட்டையை எடுத்து உலகநாதனிடம் நீட்டினான். "இத நீயே எடுத்துக்கினு போ."

"நல்ல இரும்பு. அரிவா அடிக்கலாமே."

"அடிக்கலாம். வேணாம்பா."

உலகநாதன் பாகூருக்குத் தனியாக ஓட்டிக்கொண்டு வந்தான். வண்டி அவன் கையில் பழையபடி இழுத்தது. வளைவுகளில் பழையபடி பின்பக்கம் தயங்கித் திரும்பியது. ஐந்து மாதமாக மறந்திருந்த கனம் தோள்பட்டைக்கு வந்து சேர்ந்தது. முதல் பெரிய பள்ளத்தில் பின்னால் 'டொக்' என்று ஒரு சத்தம். உலகநாதனின் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது.

பட்டை குறைந்த வில், பள்ளத்தில் முழுவதும் படிந்து அடி இரும்பில் இடிக்கிறது. அவனுக்கு அது தெரிந்தது. ஆனாலும் நடுச் சாலையில் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். பலராமன் வாய் திறந்து நிறுத்து என்று சொன்னதில்லை. பிரம்பால் காரின் தரையில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நிறுத்த வேண்டும். இரண்டு தட்டு என்றால் போக வேண்டும்.

பெண்ணையாற்றிலும் ஒரு தட்டுதான்.

சாமிக்கண்ணு ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆள். கடலூர் பக்கம் ஒரு களத்தில் நடந்த அடிதடியில் ஒருவன் செத்துப்போனான். வழக்கில் சாமிக்கண்ணுவின் பெயரும் சேர்ந்தது. ஆற்றைத் தாண்டி பிரெஞ்சு எல்லைக்குள் வந்துவிட்டான். இங்கே இருக்கும்வரை இங்கிலீஷ் போலீஸ் தொட முடியாது. பாகூரில் கூலி வேலை செய்தான். அம்சவள்ளியைக் கட்டினான். சில வருஷம் கழித்து, மடை முறை எல்லாருக்கும் ஒன்றுதான் என்று ஏரிக்கரையில் நின்று சத்தமாகச் சொன்னான். பலராமன் கோபப்படவில்லை. ஒரு பங்குனி மதியம், புதுச்சேரியில் மேஸ்திரி வேலை இருக்கிறது, காரிலேயே வா என்று கூப்பிட்டார். சாமிக்கண்ணு முன்னால், உலகநாதன் பக்கத்தில் உட்கார்ந்தான். காரில் ஏறியது அதுதான் முதல் தடவை. கையை வெளியே நீட்டிக் காற்றைப் பிடித்துப் பார்த்தான். "எப்டிண்ணே இத திருப்பற?" என்று கேட்டான். ஆத்துப் பக்கமாகப் போய்விட்டுப் போகலாம் என்றார் ஐயா. மணலில் ஒரு மாட்டு வண்டியும் அக்கரை ஆட்கள் மூன்று பேரும் காத்திருந்தார்கள். ஆற்றில் தண்ணீர் இல்லை. பிரம்பு தட்டியது. உலகநாதன் நிறுத்தினான். மூன்று பேரும் சாமிக்கண்ணுவை மணலில் இழுத்து இறக்கினார்கள்.

வில்லியனூர் ஸ்டேஷனில் இறங்கி ரயிலேறிவிட்டான் என்று பலராமன் ஊரில் சொன்னார். உலகநாதனும் அதையே சொன்னான். கப்பலேறி சைகோனுக்குப் போய்விட்டான் என்று மீதியை ஊர் சொல்லிக்கொண்டது. மறுநாள் ஐயா உலகநாதனுக்குப் புது வேட்டி கொடுத்தார். கட்டிக்கொண்டான். நல்ல வேட்டி.

அதன் பிறகு அம்சவள்ளிக்கு 'சைகோன்காரி' என்று பெயர் வந்தது. நடவில் பெண்கள் கேட்பார்கள்: "சீமைப் பவுடரு வந்துச்சாடி? செண்ட்டு வந்துச்சாடி?" அவளும் சிரிப்பாள். பலராமன் இருந்தவரை யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. அவருடைய கருமாதி முடிந்த மறுநாள் கார் கழுவுமிடத்துக்கு வந்தாள்.

"டைவரண்ணே. இப்பவாவது சொல்லு."

"இன்னாத்த சொல்ல? ஸ்டேஷன்ல எறங்கினான். பாத்தேன்."

"சட்டைய கையில வெச்சிருந்தாரா, போட்டிருந்தாரா?"

அவன் துணியைப் பிழிந்தான். சாமிக்கண்ணுவுக்கு மணலில் சட்டை கிழிந்துபோயிருந்தது.

"போட்டிருந்தான்," என்றான்.

அவள் போய்விட்டாள். சொல்லச் சொன்னவரே போய்ச் சேர்ந்த பிறகு தான் எதற்காகப் பொய் சொல்கிறோம் என்று அவனுக்குப் புரியவில்லை. சொன்னால் ஊரில் அவன் இருக்க முடியாது. அது ஒன்றுதான் தெரிந்தது. அவளும் மறுபடி வரவில்லை. கார் நிமிர்ந்து ஓடியது. விட்டது என்று நினைத்தான்.

திங்களன்று முறை. கஸ்தூரி வந்து வலப்பக்கம் உட்கார்ந்தாள். திரைகளை இழுத்துவிட்டாள். இடப்பக்க சீட்டைத் தொடவில்லை, பார்க்கவும் இல்லை. ஏரிக்கரை ஏறியதும் உலகநாதன் முன் கண்ணாடி வழியாகப் பார்த்தான். முதல் மடையில் நாலைந்து பேர். ஒருவன் தலையைத் தூக்கினான். பீடி கீழே விழுந்தது. துண்டுகள் தோளிலிருந்து இறங்கின. யாரும் யோசித்துச் செய்ததுபோல் இல்லை. ஒரு காக்கை எழுந்தால் மற்றக் காக்கைகள் எழுவதுபோல் எழுந்தார்கள். பக்கிரி மடைப் பலகையை விட்டு இறங்கி நின்றான். பாதி எழுந்தபோதே அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். முகம் மாறியது. ஆனால் மறுபடி உட்காரவில்லை.

டொக்.

உலகநாதன் பிரேக்கை மிதித்தான்.

"ஏன் நிறுத்தின?" என்றாள் கஸ்தூரி.

"பள்ளம்மா."

"சரி. நிறுத்தினதும் நல்லதுதான். கொஞ்சம் நிக்கட்டும்."

கார் நின்றது. யாரும் காரிலிருந்து இறங்கவில்லை. யாரும் கிட்டே வரவில்லை. பக்கிரி குனிந்து பலகையை அடைத்தான். அன்று மாலைக்குள் கஸ்தூரியின் வயலில் தண்ணீர் நின்றது.

அடுத்த முறைக்கும் போனார்கள். அதற்கடுத்த முறைக்கும். கஸ்தூரி சரியாகச் சாப்பிடுவதில்லை என்று வீட்டில் வேலை செய்யும் ருக்குமணி சொன்னாள். காரில் ஒருநாள் அவள் மெல்ல, "கொஞ்சம் அந்தப் பக்கம் நவுருங்க," என்றது உலகநாதனுக்குக் கேட்டது. அவன் திரும்பவில்லை. இன்னொரு நாள், "ஒலகநாதா, அறுப்பு முடிஞ்சதும் இத பழையபடி நிமித்திடலாம்," என்றாள். சரிம்மா என்றான். மீந்த பட்டை காரின் பின் பெட்டியில் கிடந்தது. அதைச் செருகினால் கொஞ்சம் நிமிரும். ஆனால் அடித்துப் படிந்த நீளப்பட்டை இனி எழாது என்று இன்னாசிமுத்து சொல்லியிருந்தான். அதை அவன் அவளிடம் சொல்லவில்லை.

தை பிறப்பதற்கு முன் கடைசி முறை. காலை வெயில் ஏறியிருந்தது. ஏரிக்கரையில் எல்லா மடையிலும் ஆட்கள் எழுந்து நின்றார்கள். கரையின் திருப்பத்தில், நடுப் பாதையில், அம்சவள்ளி நின்றிருந்தாள்.

உலகநாதன் ஹாரன் அடித்தான். அவள் நகரவில்லை. வண்டியை நிறுத்தினான்.

அவள் முன்பக்கம் வரவில்லை. இடப்பக்கமாக நடந்து பின் ஜன்னலுக்கு வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பச்சைத் திரையை ஒதுக்கினாள். காலி சீட்டுக்குக் கும்பிடு போட்டாள். சீட்டின் தோல், கனத்தில் அமுங்கிய பள்ளத்தோடு இருந்தது.

"ஆண்டே," என்றாள்.

"இன்னாடி இது? வழிய வுடு," என்றாள் கஸ்தூரி.

"உங்ககிட்ட இல்லம்மா. ஆண்டேகிட்டதான் ஒரு பேச்சு."

கஸ்தூரி வாயைத் திறந்தாள். அங்கே யாரும் இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். வெளியே, கேட்கும் தூரத்தில், பக்கிரியும் மற்றவர்களும் துண்டை இடுப்பில் கட்டி நின்றிருந்தார்கள். இன்னும் மடை அடைக்கவில்லை. அவள் முதல் தடவையாக இடப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். பிறகு உலகநாதனின் பிடரியைப் பார்த்தாள். அவள் பார்ப்பது அவனுக்குத் தெரிந்தது.

"அம்சவள்ளி," என்றான் அவன். தலையைத் திருப்பப் போனான்.

"நீ திரும்பாத டைவரண்ணே. நீ பாத்தத நீ சொல்லிட்ட. உன்ன நான் கேக்கல."

அவள் தலையை ஜன்னலுக்குள் நீட்டினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள், பெரியவர்களிடம் பேசுவதுபோல.

"இத்தினி நாளு கேக்க பயம் ஆண்டே. அவர எங்க வுட்டுட்டு வந்தீங்க?"